கட்லா பனிக்குகைச் சுற்றுலா: குகையை விட வழிதான் அருமை

ஐஸ்லாந்தின் தென்கோடியில் வீக் என்ற ஊரிலிருந்து பெரிய சக்கர ஜீப்பில் கட்லா பனிக்குகைக்குக் கூட்டிப்போகிறார்கள். பல நிறுவனங்கள் இதை நடத்துகின்றன, நாங்கள் போனதன் பெயர் வேண்டாம். ஏதோ எரிமலைக்கு உள்ளேயே இறக்கிவிடப் போவது மாதிரி விளம்பரத்தில் பில்டப் கொடுத்திருந்தார்கள், நம்பாதீர்கள். குகை இருப்பது ஒரு பனியாற்றின் ஓரத்தில். கட்லா என்ற அந்த எரிமலையின் வாய் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, மீர்தால்ஸ்யோகுல் பனிமுகட்டுக்கு அடியில், சில இடங்களில் 700 மீட்டர் வரை கனமான பனிக்குக் கீழே புதைந்து கிடக்கிறது.

ஆனால் போகிற வழி இருக்கிறதே, கொடுத்த காசு அதற்கே சரியாகப் போய்விட்டது. மீர்தால்சாண்டுர் என்று ஒரு கருமணல் வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வேறு எதுவுமே இல்லை. பெரும்பாலும் கட்லாவின் வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய மணல். இந்த எரிமலை வெடித்தால் ஊர்க்காரர்கள் முதலில் பயப்படுவது நெருப்புக்கு அல்ல, தண்ணீருக்கு. அடியில் பனி உருகி, பெருகி, ஒரு கட்டத்தில் பனிமுகட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயும். 1918 அக்டோபர் 12 அன்று தொடங்கிய வெடிப்பில் அப்படி வந்த வெள்ளம் ராட்சதப் பனிக்கட்டிகளையும் மணலையும் அள்ளிவந்து, கடற்கரையையே கிலோமீட்டர் கணக்கில் தெற்கே தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அளவுக்குப் பெரிதாக வெடிக்கவில்லை, ஆனாலும் 2011 ஜூலையில் வந்த ஒரு வெள்ளம் நெடுஞ்சாலைப் பாலத்தை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இப்போதுள்ள பாலத்தைக் கடக்கும்போது வழிகாட்டி இதைச் சொன்னார். பசால்ட் என்ற கரும்பாறையாக இறுகும் எரிமலைக் குழம்பு பொதுவாக அமைதியாக வழிந்தோடும், இங்கே உருகிய நீர் பட்டு நொறுங்குவதால்தான் சாம்பலாக வெடித்துச் சிதறுகிறது என்பதையும் பொறுமையாக விளக்கினார்.

குகை சின்னதுதான். நீலப் பனியில் கருப்புக் கருப்பாகச் சாம்பல் வரிகள், கையுறையால் தடவினால் உருகும் நீரோடு நறநறவென்று ஒட்டுகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது வெளியே நிற்கும் கரிய கூம்புகள். பார்த்தால் சாம்பல் குவியல், மேலே சுரண்டினால் உள்ளே முழுக்கப் பனி! சாம்பல் மெல்லியதாக இருந்தால் வெயிலை இழுத்துப் பனியைச் சீக்கிரம் கரைத்துவிடும், தடிமனாக இருந்தால் போர்வையாகிக் காப்பாற்றும். அதனால் சுற்றியுள்ள பனி இறங்கிப்போக, இவை மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. இதன் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை, எல்லோரும் செல்ஃபி வரிசையில்.

குறை என்றால், குகைக்குள் ஒரே அவசரம், அடுத்த கூட்டம் வாசலில் காத்திருக்கிறது. எந்த வரி எந்த வெடிப்பில் விழுந்தது என்று கேட்டேன், ‘அப்புறம் சொல்கிறேன்’ என்றவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அதைவிடப் பெரிய குறை, பாதிவழியில் எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு வார்த்தை இல்லை. வீக்கில் இருப்பவர்களுக்காவது மேட்டிலுள்ள தேவாலயத்துக்கு ஏறவேண்டும் என்று தெரியும்.

ஐந்துக்கு மூன்றரை. முன்பதிவு செய்யும்போது சின்ன குழுவா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஷூவில் மாட்டும் ஆணிப்பட்டையை வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே இழுத்துப் பாருங்கள், என்னுடையது பனியில் ஏறியதுமே கழன்றுவிட்டது.