ஹெம்ப் விதை எண்ணெய்: சரக்கு நல்லது, லேபிள் மோசம்

ஆன்லைனில் செக்கில் ஆட்டிய ஹெம்ப் (போதைப்பொருள் மிகக் குறைவான கஞ்சாச் செடி வகை) விதை எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கினேன். கரும்பச்சை நிறம், வேர்க்கடலையும் பச்சைப்புல்லும் கலந்த மாதிரி ஒரு வாசம். இட்லிப் பொடியில் குழைத்துச் சாப்பிட அருமையாக இருக்கிறது, சாலட்டுக்கும் பொருந்தும். ஆனால் தாளிக்க மட்டும் எடுக்காதீர்கள், அதிகச் சூடு தாங்காது. ஒமேகா 6, ஒமேகா 3 இரண்டும் ஏறக்குறைய 3:1 விகிதத்தில் உள்ள எண்ணெய், சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், அதனால் திறந்தபின் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

எனக்குக் கோபம் லேபிள் மேல். முன்பக்கம் பெரிய கஞ்சா இலை, கீழே "வலி நீங்கும், தூக்கம் வரும்" என்று எழுதியிருக்கிறார்கள். வலிக்கும் தூக்கத்துக்கும் என்று பேசப்படுவது சிபிடி, கஞ்சாச் செடியில் உள்ள போதை தராத ஒரு வேதிப்பொருள். விதையில் அது இல்லை என்றே சொல்லலாம், விதைத் தோலில் ஒட்டிவரும் துளிதான். போதையும் ஏறாது, 2021-ல் இதை உணவாக அனுமதித்த மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ, போதை தரும் பொருளான டிஎச்சி கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

சிபிடி எண்ணெய் வேறு சரக்கு, பூவிலும் இலையிலும் இருந்து பிரித்தெடுப்பது. அதில் ஐசொலேட் என்றால் சிபிடி மட்டும், ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்றால் கொஞ்சம் டிஎச்சியும் சேர்ந்தே வரும். இங்கே ஆயுர்வேதத்தில் விஜயா என்ற பெயரில் கஞ்சா இலைச்சாறு எண்ணெய் விற்கிறார்கள், அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து சிபிடியைத் தானாக ஆரம்பிக்காதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

சமையலறைக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு நான்கு.