ஹர்லிங்கா, கேலிக் ஃபுட்பாலா: எட்டு சீசன் கேலரியில் உட்கார்ந்து பார்த்தவனின் அனுபவம்

அயர்லாந்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிற நம்மவர்கள் மே மாதம் பிறந்ததும் கேட்பார்கள்: "ஒரே ஒரு மேட்ச்தான் பார்க்கப் போறோம்னா எதுக்குப் போகலாம், ஹர்லிங்கா ஃபுட்பாலா?" நானும் யோசிக்காமல் ஹர்லிங் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 2018இலிருந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டேன், இப்போது அந்தப் பதிலைச் சொல்லும்போது கொஞ்சம் உறுத்துகிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். நான் இரண்டையும் விளையாடியதில்லை, ஹர்லி மட்டையைக் கையில் பிடித்ததுகூட மகளின் பயிற்சிக்குச் சுமந்துகொண்டு போனபோதுதான். எனவே இது பார்வையாளன் கணக்கு மட்டுமே.

தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. இரண்டும் அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகள், இங்கே ஃபுட்பால் என்று நான் சொல்வதெல்லாம் கேலிக் ஃபுட்பால்தான். இரண்டுக்கும் ஒரே மைதானம், அதுவும் சாதாரண கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது, பக்கத்துக்கு 15 பேர், H வடிவக் கம்பம். பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. ஃபுட்பாலில் பந்தைக் கையில் பிடிக்கலாம், உதைக்கலாம், நாலு அடிக்கு ஒருமுறை தரையில் தட்டியோ காலில் தட்டியோ எடுத்துக்கொண்டு ஓடலாம். ஹர்லிங்கில் பெரும்பாலும் மட்டைதான், பந்து கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து அளவு, எடை மட்டும் குறைவு, 110லிருந்து 120 கிராம். ஸ்லிட்டர் என்பார்கள். இரண்டையும் நடத்துவது 1884இல் தொடங்கிய ஒரே சங்கம், ஜிஏஏ (கேலிக் அத்லெடிக் அசோசியேஷன்). பெரிய கோப்பைக்கு மோதுவது கவுண்டி அணிகள், கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டப்ளினின் க்ரோக் பார்க் ஸ்டேடியத்தில் 82,000 பேர் முன்னால் கோல் போட்டவர் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். இதை ஜீரணிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

நான் முதலில் வந்து இறங்கியது லிமரிக்கில், 2018 கோடைக்குக் கொஞ்சம் முன்னால். ஊரில் 1973க்குப் பிறகு ஹர்லிங் கோப்பை வரவில்லை, 45 வருஷம். அந்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் ஊர் முழுக்கப் பச்சைக் கொடி, மளிகைக்கடை, மருந்துக்கடை, பஸ்ஸின் நெற்றி எதுவும் பாக்கியில்லை. இறுதி ஆட்டத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கூடத்தில் டிவியில் பார்த்தேன். கால்வேக்கு எதிராக லிமரிக் எட்டுப் புள்ளி முன்னால் இருக்கிறது, ஆட்டம் முடியப் போகிறது, நான் கை கொடுக்கவே எழுந்துவிட்டேன். அவர் முறைத்தார். கூடுதல் நேரம் எட்டு நிமிஷம் என்று பலகை காட்டினார்கள், அதற்குள் எட்டு ஒன்றாகச் சுருங்கிவிட்டது. கடைசியில் கால்வேயின் ஜோ கேனிங் வெகுதூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ (எதிரணி செய்த தப்புக்குக் கிடைக்கிற தனி அடி) அடிக்க நின்றபோது பெரியவர் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பந்து கோல் முன்னால் விழுந்தது, லிமரிக்காரர் பிடித்துவிட்டார், ஆட்டம் முடிந்தது. "ஜெயிச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் எனக்கு.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஆட்டத்தில் பாதி நேரம் பந்து எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. டிவியில் ஹர்லிங் பார்க்கிற எல்லாப் புதியவருக்கும் இதுதான் கதி. நன்றாக விழுந்த அடி மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடும், கேமராவே சில நேரம் தொலைத்துவிட்டு வெறும் புல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். பிறகு வெள்ளைப் பந்தை மஞ்சளாக்கினார்கள், கொஞ்சம் தேவலை. பெரியவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார். எவன் அண்ணாந்து பார்க்கிறான், எவன் யாரை இடுப்பால் தள்ளி இடம் பிடிக்கிறான் என்று பார், பந்து தானாக அங்கே வரும். கிட்டிப்புள் ஆடிய தலைமுறைக்கு இது சட்டென்று புரியும், புள் பறந்த பிறகு புள்ளைத் தேடக் கூடாது, பிடிக்க ஓடுகிறவனைத்தான் பார்க்கணும்.

அடுத்த வருஷம் நேரில் போனேன், அங்கேதான் எல்லாம் மாறியது. டிவியில் வராத விஷயம் சத்தம். ரெண்டு ஆஷ் மரமட்டைகள் முழு வேகத்தில் மோதும்போது வருகிற அந்த 'டக்' கேலரி வரைக்கும் கேட்கும், கேட்டதும் கூட்டமே ஒருதரம் உள்ளிழுத்து மூச்சு விடும். (இப்போது ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து நாடெங்கும் பட்டுப்போகின்றன, மூங்கில் மட்டையும் செயற்கை மட்டையும் பெருகிவிட்டன. அவற்றின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டுவதுபோல் இருக்கிறது.) அப்புறம், ஒருவன் அடிக்க மட்டையை ஓங்கும்போது பின்னாலிருந்து வந்து தன் மட்டையை நீட்டிக் கொக்கி போட்டுத் தடுப்பான், அதற்கு ஹூக் என்று பெயர். டிவியில் இது தெரியவே தெரியாது, நேரில் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் புள்ளி போட்டதைவிட அதற்குத்தான் பெரிய கைதட்டல் என்பது தெரியும்.

எனவே என் முதல் பரிந்துரை: ஹர்லிங்குக்கு நேரில் போங்கள், கீழே உட்காருங்கள். முடிந்தால் க்ரோக் பார்க் வேண்டாம், மே மாதத்தில் மன்ஸ்டர் மாகாண லீக் சுற்று ஒன்றுக்கு, தர்லஸ் ஊர் செம்பிள் ஸ்டேடியத்துக்குப் போங்கள். சின்ன ஊர், ஸ்டேடியத்தில் நாற்பத்தைந்தாயிரம் பேர் கொள்ளும். ஆட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலேயே லிபர்ட்டி சதுக்கத்திலிருந்து மைதானம் வரை கூட்டம் தேர் பின்னால் போவதுபோல் நகரும். ஜிஏஏ தொடங்கிய ஹேஸ் ஹோட்டல் அதே சதுக்கத்தில்தான் இருக்கிறது. ரசிகர்களைக் கட்சி பிரித்து உட்கார வைப்பதில்லை. எனக்கு வலப்பக்கம் டிப்பரேரிக் குடும்பம், இடப்பக்கம் கார்க் குடும்பம், நடுவில் நான், ரெண்டு பக்கத்திலிருந்தும் ஹாம் சாண்ட்விச் நீட்டினார்கள். நான் சைவம் என்றதும் பாவம் என்று பார்த்தார்கள், பிளாஸ்க் டீயாவது கொடுத்தார்கள்.

சரி, ஹர்லிங்கில் குறையே இல்லையா? இருக்கிறது, இங்கே இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். புள்ளிகள் மலிந்துவிட்டன. 2024 இறுதியில் கிளேர் 3-29, கார்க் 1-34. (கோலை மூன்றால் பெருக்கிக் கூட்டணும்: 38க்கு 37, கிளேர் ஒரு புள்ளியில் வெற்றி. இந்தப் பெருக்கலை மனசுக்குள் போட்டுப் பழகும் வரை ஸ்கோர்போர்டு ஒரு தலைவலி.) கூடுதல் நேரம் வரை போன அருமையான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் மொத்தம் 67 தடவை ஸ்கோர். நல்ல வீரனுக்கு 70, 80 மீட்டரிலிருந்து கம்பத்துக்கு நடுவே அடிப்பது இப்போது சாதாரணம், ஒவ்வொரு நிமிஷமும் புள்ளிக்கான வெள்ளைக் கொடி ஆடுகிறது. ஓவருக்குப் பத்து ரன் போகிற மேட்சில் சிக்ஸருக்கு என்ன மரியாதை இருக்கும், அந்த மாதிரி. நடுவில் ஒரு இருபது நிமிஷம் புள்ளி, பதில் புள்ளி, புள்ளி, பதில் புள்ளி என்று ஓடும்போது என் மனசு வீட்டுக்குப் போய்விடுகிறது. கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் திரும்பி வரும்.

2021இல் வேலை மாறி டப்ளின் வந்தோம். டப்ளினில் ஹர்லிங் அணியும் உண்டு, ஆனால் ஊரின் உயிர் ஃபுட்பால். 2015இலிருந்து 2020 வரை தொடர்ந்து ஆறு கோப்பை வாங்கிய அணி. நான் வந்த வருஷமே அந்த ஓட்டம் நின்றுபோனது, என் ராசி என்று அலுவலகத்தில் கேலி. ஹில் 16 என்கிற நின்று பார்க்கும் பகுதிக்கு ஆசையாகப் போனேன், நீல அலையாக அவ்வளவு பேர் ஒன்றாகப் பாடுவதைக் கேட்கவே டிக்கெட் காசு தகும். ஒரே ஒரு தவறு செய்தேன், ஆறு வயது மகளையும் கூட்டிப்போய்விட்டேன். முன்னால் ஆறரை அடி மனிதர் ஒருவர், மகள் எழுபது நிமிஷமும் என் தோளில்.

பாட்டு முடிந்து ஆட்டம் தொடங்கினால், ஐயோ. இதைத்தான் பல வருஷம் ஃபுட்பால் என்று சகித்தார்களா என்று தோன்றியது. ஒரு அணி பந்தை இழந்த உடனே பதினைந்து பேரும் தங்கள் கோல் முன்னால் போய் வேலி போட்டதுபோல் நின்றுவிடுவார்கள். எதிரணி அந்த வேலிக்கு வெளியே பந்தை இடமும் வலமுமாகக் கையால் தட்டிக்கொண்டே இருக்கும், வழியில்லை என்றால் பின்னால் கோல்கீப்பருக்கே திருப்பிக் கொடுக்கும். நான் வருவதற்கு முந்தைய கதை ஒன்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், 2011 அரையிறுதியில் டப்ளின் 0-8, டோனிகால் 0-6. எழுபது நிமிஷத்துக்குப் பதினாலு புள்ளி. நான் 2022, 23இல் பார்த்த சில லீக் ஆட்டங்கள் பிப்ரவரிக் குளிரில் அதே ரகம், கையுறைக்குள் விரல் விறைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

ஆனாலும் ஃபுட்பாலைக் கைகழுவ முடியவில்லை. 2024 இறுதியில் ஆர்மா 1-11, கால்வே 0-13, மறுபடியும் ஒரே புள்ளி வித்தியாசம். அழகான ஆட்டம் இல்லை, தப்பும் தவறுமாக நிறைய. ஆனால் புள்ளி அபூர்வம் என்பதால் ஒவ்வொரு உதைக்கும் வயிறு கலங்கியது, வைடு போன ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கவுண்டியே தலையில் கைவைத்தது. ஆர்மாவுக்கு அது வெறும் இரண்டாவது கோப்பை, முதலாவது 2002இல். ஒரு வாரம் முன்னால் அதே மைதானத்தில் கிளேர் - கார்க் ஹர்லிங். கண்ணுக்கு விருந்து ஹர்லிங்தான், நகம் கடித்தது ஃபுட்பாலுக்குத்தான்.

2025இல் ஃபுட்பாலின் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். டப்ளினின் பழைய பயிற்சியாளர் ஜிம் கேவின் தலைமையில் ஒரு குழு போட்டு, எந்தெந்த இடத்தில் ஆட்டம் தேங்குகிறதோ அங்கெல்லாம் கைவைத்தார்கள். கோலிலிருந்து 40 மீட்டரில் ஒரு வளைவு வரைந்து அதற்கு வெளியிலிருந்து உதைத்தால் 2 புள்ளி, அதற்குத் தனியாக ஆரஞ்சுக் கொடி. எப்போதும் மூன்று பேராவது எதிரணியின் பாதியில் நிற்கணும், பதினைந்து பேர் வேலி அதோடு போயிற்று. கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு. ஃப்ரீ கிடைத்தவன் நடுவருக்காகக் காத்திராமல் உடனே ஓடலாம். நடுவரோடு வாக்குவாதம் செய்தால் பந்து 50 மீட்டர் முன்னால் போய்விடும், இதை நம் ஊர் கல்லி கிரிக்கெட்டுக்கும் கொண்டுவரணும். நேரம் முடிந்ததும் சங்கு ஊதிவிடும், நடுவரின் கைக்கடிகாரத்தை நம்பிக் கிடக்க வேண்டாம். (பெண்கள் ஃபுட்பாலில் இந்தச் சங்கு பல வருஷமாக உண்டு, அங்கே பார்த்துப் பழகிய மகள் "இதுக்கு இவ்ளோ நாளா?" என்றாள்.)

விளைவு கண்கூடு. அந்த வருஷ இறுதியில் கெர்ரி 1-26, டோனிகால் 0-19. இடைவேளைக்கு முன்னால் கெர்ரியின் டேவிட் க்ளிஃபர்ட் வளைவுக்கு வெளியிலிருந்து அலட்டாமல் ஒரு இரண்டு புள்ளி உதைத்தார், அதோடு டோனிகாலின் தோள்கள் தொங்கின. ஆட்டம் சுறுசுறுப்பு, சந்தேகமில்லை. எனக்கு ஒரே ஒரு கவலை, இதுவும் ஹர்லிங்போல் புள்ளி மழையாகப் போய் அந்த வயிற்றுக் கலக்கம் காணாமல் போய்விடுமோ என்று. இன்னும் ரெண்டு மூணு சீசன் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உட்காரும் இடமும் இதில் தலைகீழ். ஃபுட்பாலுக்கு உயரமான அடுக்கில் சீட் வாங்குங்கள், க்ரோக் பார்க்கின் மேல் தளத்திலிருந்து பார்த்தால் யார் எங்கே இடம் காலி செய்கிறான், எந்தப் பக்கம் ஓட்டை விழப்போகிறது என்று சதுரங்கப் பலகைபோல் தெரியும். கீழே உட்கார்ந்தால் முதுகுகள்தான் தெரியும். டிவியிலும் ஃபுட்பால் நன்றாக வருகிறது, பந்து பெரிசு, தொலையாது.

நடுவர் விஷயத்தில் ஹர்லிங் ரசிகர்களுக்குப் பொறுமை அதிகம். சிறுசிறு தப்புக்கு விசில் ஊதினால் ரெண்டு அணி ரசிகர்களும் சேர்ந்து நடுவரைத் திட்டுவார்கள், ஆட்டம் ஓடணும், அவ்வளவுதான். நாலு அடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்து ஓடக் கூடாது என்பது விதி, ஏழு எட்டு அடி ஓடுகிறவர்களை நான் எண்ணியிருக்கிறேன். எண்ணாதே, ஆட்டத்தைப் பார் என்றார் லிமரிக் பெரியவர்.

இன்னொன்று, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதும் கணக்கு. ஹர்லிங் கோப்பைக்கு நிஜமாகவே போட்டி போடுவது பத்துப் பன்னிரண்டு கவுண்டிதான், பெரும்பாலும் தெற்கும் கிழக்கும். டோனிகாலிலோ மேயோவிலோ வேலை கிடைத்தால் ஃபுட்பால்தான் உங்கள் தலைவிதி. கில்கென்னியில் கிடைத்தால் நேர் எதிர், 36 ஹர்லிங் கோப்பை வைத்திருக்கிற அந்தக் கவுண்டி சீனியர் ஃபுட்பால் சாம்பியன்ஷிப் பக்கமே வருவதில்லை. இரண்டுக்கும் பொதுவான என் புகார், எல்லாமே ஜூலையோடு முடிந்துவிடுகிறது. 2018இல் ஹர்லிங் ஆகஸ்ட் வரையும் ஃபுட்பால் செப்டம்பர் வரையும் நீண்டது, அதற்கு முன்பெல்லாம் இரண்டுமே செப்டம்பர். இப்போது ஆகஸ்ட் பிறந்தால் பெரிய ஆட்டம் கிடையாது, உள்ளூர் கிளப் ஆட்டங்கள்தான். அவை மோசமில்லை, பத்து யூரோ சுமாருக்குக் கம்பி ஓரமாக நின்று பார்க்கலாம்.

2025 ஜூலையில் ஹர்லிங் இறுதி, கார்க் - டிப்பரேரி. டிக்கெட் கிடைக்கவில்லை, சென்னையிலிருந்து வந்திருந்த மச்சானோடு வீட்டில்தான் பார்த்தோம். இடைவேளையில் கார்க் ஆறு புள்ளி முன்னால். "முடிஞ்சது மாப்ள, இனிமே பார்க்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்று அவன் ஃபோனை எடுத்துவிட்டான். 2018 ஞாபகத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் பாதியில் கார்க் எடுத்தது மொத்தம் 2 புள்ளி. டிப்பரேரி கோல்கீப்பர் ரைஸ் ஷெல்லி ஒரு பெனால்டியைத் தடுத்தார், அவரே தூரத்திலிருந்து ஒரு புள்ளியும் அடித்தார், கடைசியில் 3-27க்கு 1-18. மச்சான் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு டிவிக்கு ஓரடி தூரத்தில் போய் நின்று, "பந்து எங்கடா?" என்று கத்திக்கொண்டிருந்தான்.