முதல் முறை திறக்கும்போது கேள்வி கேட்கும் மென்பொருள்கள்: ஆறு வருடம் கழித்து

போன மாதம் மடிக்கணினியின் வட்டை மொத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டேன். ஆறு வருடமாக ஒரே நிறுவலை இழுத்துக்கொண்டு வந்ததில், எது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போயிருந்தது. பழைய அமைப்புக் கோப்புகள் எதையும் வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவரவில்லை. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு மென்பொருளை முதல் முறையாகத் திறப்பது வழக்கமாக ஒரே ஒரு தடவை நடக்கிற விஷயம். அன்று அது என்ன கேட்டது, நாம் என்ன சொன்னோம் என்பதெல்லாம் அடுத்த வாரமே மறந்துவிடும். எனக்கோ ஒரே சனிக்கிழமை சாயங்காலத்தில் பத்துப் பதினைந்து முதல் முறைகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே எனக்குப் பழகிய மென்பொருள்கள். அவைதான் என்னை அன்றைக்குப் புதிதாகப் பார்த்தன.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்விகளுக்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். இந்த முறை எல்லாவற்றுக்கும் சட்டென்று பதில் வந்தது. நல்ல விஷயம்தானே என்றால், இல்லை. அதுதான் உறுத்தியது. புதியவர்களுக்காக என்று சொல்லித்தான் இந்த அமைவு வழிகாட்டிகளை வைக்கிறார்கள். ஆனால் அவற்றில் பாதிக்குப் பழையவர்களால்தான் பதில் சொல்ல முடிகிறது.

முதலில் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலைச் சொல்கிறேன். அதற்குள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் மென்பொருளுக்கு ஷெல் என்று பெயர், நான் பயன்படுத்துவது இசட் ஷெல். நம் கணக்கில் அதற்கான தொடக்கக் கோப்பு எதுவும் இல்லையென்றால், திறந்ததுமே ஒரு வழிகாட்டி வந்து நிற்கும். கியூ விசையை அடித்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறும், ஆனால் அடுத்த முறையும் வரும். பூஜ்ஜியம் அடித்தால், ஒரு குறிப்பு வரி மட்டும் உள்ள கோப்பை உருவாக்கிவிட்டு இனி வரவே வராது. ஒன்று அடித்தால் உள்ளே போய் ஒவ்வொன்றாக அமைக்கலாம். இதெல்லாம் திரையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. எழுதியிருந்து என்ன பயன்? அன்றைக்கு எனக்கு ஏதோ ஒரு கட்டளையை அவசரமாக ஓட்ட வேண்டியிருந்தது. கியூ அடித்தேன். இன்னொரு ஜன்னலைத் திறந்தால் மறுபடி அதே திரை. மூன்றாவது நாள் எரிச்சலில் பூஜ்ஜியத்தை அடித்து அதன் வாயை மூடிவிட்டேன்.

அதன் விளைவு பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நேற்று அடித்த நீளமான கட்டளையை மேல் அம்புக்குறியால் தேடினால் இருக்காது. ஜன்னலை மூடியதும் எல்லாம் போய்விடும். இந்த ஷெல்லே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, முக்கியமான கட்டளைகளை ஒரு உரைக் கோப்பில் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், நாமாகச் சொல்லாதவரை இசட் ஷெல் கட்டளை வரலாற்றைக் கோப்பில் சேமிப்பதில்லை. எத்தனை வரி சேமிப்பது என்பதன் இயல்பு மதிப்பே 0. ஒன்றை அடித்து உள்ளே போயிருந்தால் வரும் பட்டியலில் முதல் விஷயமே இந்த வரலாறுதான். நான் மூடிய வாய் சொல்ல வந்தது அதைத்தான்.

தப்பு என்னுடையது என்று கொஞ்ச நாள் நினைத்தேன். அப்புறம் ஃபிஷ் ஷெல்லைப் போட்டுப் பார்த்தேன். அது எதையும் கேட்கவில்லை. வரலாறு தானாகவே சேமிப்பில் இருந்தது. முன்பு அடித்ததை வைத்து அடுத்ததை மங்கலாகக் காட்டியது. தப்பான கட்டளை சிவப்பில் வந்தது. கேள்வியே இல்லாமல் இவ்வளவும் செய்ய முடியும் என்றால், அந்தக் கேள்வி எனக்காக இருந்ததா, எதை இயல்பாக வைப்பது என்று முடிவு செய்ய மனமில்லாதவர்களுக்காக இருந்ததா? பழைய பழக்கத்தை உடைக்கக்கூடாது என்ற நியாயம் இசட் ஷெல்லுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் வழிகாட்டி என்பது பல இடங்களில் மோசமான இயல்பு அமைப்புகளின் மேல் போட்ட ஒட்டு.

கேள்வி கேட்காமல் சமாளிப்பதிலும் வம்பு உண்டு. உரைக் கோப்புகளை எழுதப் பயன்படும் விம் எடிட்டர் 2016இல் 8ஆம் பதிப்பில் ஒரு நல்ல காரியம் செய்தது: சொந்த அமைப்புக் கோப்பு இல்லாதவர்களுக்கு வண்ணம் முதலான அமைப்புகளைத் தானே ஏற்றிக் கொடுத்தது. நான் வரி எண் தெரியட்டும் என்று ஒரே ஒரு வரியில் சொந்தக் கோப்பு எழுதினேன். வண்ணம் எல்லாம் காணாமல் போனது. சொந்தக் கோப்பு வந்துவிட்டதால் இனி இவருக்கு நம் உதவி தேவையில்லை என்று அது ஒதுங்கிக்கொண்டதாம். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது.

சரி, பிளெண்டருக்கு வருகிறேன். முப்பரிமாண வேலைக்கு நான் பயன்படுத்துவது அதைத்தான். 2.79 பதிப்பு வரை அதில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வலது கிளிக். உலகமே இடது கிளிக்கில் தேர்ந்தெடுத்தபோது அது மட்டும் தனி வழியில் போய்க்கொண்டிருந்தது. கை ஒருமுறை பழகிவிட்டால் மாற்ற முடியாது. 2019இல் வந்த 2.80இல் இயல்பை இடது கிளிக்குக்கு மாற்றினார்கள். கூடவே முதல் திறப்பில் ஒரு சின்ன அட்டையும் வைத்தார்கள். இப்போது அதில் இருப்பவை: மொழி, விசை அமைப்பு, தேர்ந்தெடுப்பது எந்த பொத்தானால், ஸ்பேஸ்பார் என்ன செய்ய வேண்டும், நிறத் தோற்றம். அவ்வளவுதான், ஒரே திரை. ஐந்து விஷயமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். எதையும் தொடாமல் கடந்தும் போகலாம். வலது கிளிக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக வேலையைத் தொடங்கினேன். நான் பார்த்த முதல் திறப்புத் திரைகளில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

ஆனால் அதே அட்டையைப் பிளெண்டரை அப்போதுதான் கற்க ஆரம்பித்த நண்பர் ஒருவரின் கணினியில் பார்த்தேன். “ஸ்பேஸ்பார் பிளே பண்ணணுமா, டூல்ஸ் காட்டணுமா, தேடணுமான்னு கேக்குது. நான் எதைச் சொல்ல?” என்றார். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது என் பதில். எதை பிளே பண்ணுவது என்றே அவருக்குத் தெரியாத நேரம் அது. “எதையும் தொடாதீங்க, அப்படியே விட்டுடுங்க” என்றேன். அந்த அட்டை உண்மையில் என்னைப் போல வேறு இடத்திலிருந்து பழக்கத்தோடு வருகிறவர்களுக்கானது. அவரைத் தடுத்து நிறுத்தாததுதான் அதன் பெருமை.

எல்லாமே அப்படித் தடுக்காமல் இருப்பதில்லை. அத்தைக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தோம். அதை முதல் முறை போட்ட அன்று போன் செய்தார்.

“டேய், அடுத்துன்னு வருது. அமுக்கிடட்டுமா?”

“மேல என்ன எழுதியிருக்கு அத்தை?”

“என்னமோ எழுதியிருக்கு. கீழ நீலத்துல அடுத்துன்னு இருக்கு.”

நான் வேறு வேலையில் இருந்தேன். “அமுக்குங்க” என்றேன். அடுத்து, அடுத்து, அடுத்து என்று பத்துப் பன்னிரண்டு திரை ஓடியது. கடைசியில் முகப்பு வந்ததும் இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஒரு வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டேப்லெட்டைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். அமைப்புகளுக்குள் போய் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். “இது முன்னாடியே இருந்துச்சா?” என்று கேட்டார். இருந்தது மட்டுமல்ல, முதல் நாளே ஒரு திரையில் அது கேட்டிருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லுக்கும் ஏதோ சேவையின் விதிமுறைகளுக்கும் நடுவில், அதே அளவில், அதே நீல பொத்தானோடு கேட்டிருக்கிறது. ஒரு வருடத்துக்குத் தேவையான ஒரே கேள்வி, தேவையில்லாத பத்தோடு பதினொன்றாகப் போய்விட்டது.

இது அத்தையின் கவனக்குறைவு அல்ல. 1987இலேயே ஜான் கேரல், மேரி பெத் ராசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மனிதர்கள் கணினி முன் உட்காருவது தங்கள் வேலையை முடிக்கத்தான். முதலில் கொஞ்சம் நின்று கற்றுக்கொண்டால் பிற்பாடு நேரம் மிச்சமாகும் என்று தெரிந்தாலும் நிற்க மாட்டார்கள். நான் பூஜ்ஜியம் அடித்ததும் அத்தை நீலத்தை அமுக்கியதும் ஒரே காரணத்துக்காகத்தான். இதை மாற்ற முடியாது. இதற்குத் தகுந்தமாதிரி மென்பொருளை எழுதத்தான் முடியும்.

எனக்கு நிஜமாகவே வலித்த அனுபவம் ஒரு குறிப்பேட்டுச் செயலியால் வந்தது. பெயர் வேண்டாம். முதல் திறப்பில் நான்கு அழகான ஓவியங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகலாம். அந்த ஓட்டத்திலேயே “குறிப்புகள் எங்கே இருக்க வேண்டும்?” என்று ஒரு கேள்வி. ‘இந்தக் கருவியில்’ என்பது ஏற்கெனவே தேர்வாகி இருந்திருக்கிறது. தள்ளிவிட்டேன். அன்றைக்கு என்னிடம் இருந்த குறிப்புகள் பூஜ்ஜியம், எங்கே இருந்தால் என்ன? இரண்டரை வருடம் கழித்து அந்த போன் திடீரென்று செத்தபோது அதில் எழுநூறு சொச்சம் குறிப்புகள் இருந்தன. நடுவில் ஒரு முறையாவது, நூறாவது குறிப்பிலோ ஐந்நூறாவது குறிப்பிலோ, “இதற்கெல்லாம் பிரதி இல்லை, பரவாயில்லையா?” என்று கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். அது முதல் நாளே கேட்டுவிட்டது, தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டது.

கேள்வியில் தப்பில்லை, கேட்ட நேரம்தான் தப்பு. ஆண்ட்ராய்டு இதை ஒரு இடத்தில் சரி செய்திருக்கிறது. முன்பு செயலியை நிறுவும்போதே கேமரா, தொடர்புகள், இருப்பிடம் என்று எல்லா அனுமதியையும் ஒரே பட்டியலாக நீட்டுவார்கள். ஒத்துக்கொண்டால்தான் நிறுவ முடியும். 2015இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட அனுமதிகளை, தேவைப்படும் நேரத்தில் கேட்கலாம் என்று ஆனது. படம் எடுக்கப் போகும்போது கேமராவைக் கேட்டால், ஏன் கேட்கிறது என்று யாரும் விளக்கவே வேண்டாம். அதையும் சில செயலிகள் திறந்தவுடனே மூன்றையும் வரிசையாகக் கேட்டுக் கெடுத்துவைத்திருக்கின்றன, அது வேறு கதை.

முதல் திறப்பில் கேட்டே ஆக வேண்டியவையும் உண்டு. தண்டர்பேர்டு மாதிரி ஒரு மின்னஞ்சல் மென்பொருள் உங்கள் முகவரியைக் கேட்காமல் என்ன செய்யும்? ஒரு காலத்தில் அஞ்சலை எடுத்துவரும் ஐமேப் சேவையகம் எது, அதன் இணைப்பு எண்ணான போர்ட் 993ஆ 143ஆ, அனுப்புவதற்கு எது என்று நாமே தேடி நிரப்ப வேண்டும். 2009இல் வந்த அதன் 3ஆம் பதிப்பிலிருந்து பெயர், முகவரி, கடவுச்சொல் மூன்றையும் வாங்கிக்கொண்டு மீதியைத் தானே தேடிக் கண்டுபிடிக்கப் பார்க்கும். இந்த முறையும் ஒரு நிமிடத்தில் முடிந்தது. கண்டுபிடித்ததை நமக்குக் காட்டிவிட்டுத்தான் தொடர்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இன்னொன்று, நம் தகவலை வெளியே அனுப்புவது பற்றிய கேள்வி. அதைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் அனுப்பிய பிறகு கேட்டுப் பயனில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவும்போது, எந்த மென்பொருள் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கெடுப்பில் சேர்கிறீர்களா என்று கேட்கும். ‘இல்லை’ என்பதுதான் முன்பே தேர்வாகி இருக்கும். படிக்காமல் அடுத்துக்குப் போகிறவருக்கும் அதில் நஷ்டம் இல்லை. என் குறிப்பேட்டுச் செயலியிலும் படிக்காதவனுக்கு ஒரு பதில் தயாராகத்தான் இருந்தது, ஆனால் எதையாவது இழக்கிற பதில்.

மறுபடி மறுபடி கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 97இல் வந்த அந்தக் கண் முழித்த காகிதக் கிளிப்பை நினைத்தாலே போதும். எத்தனை முறை விரட்டினாலும், கடிதம் எழுதுகிற மாதிரி தெரிந்தால் உதவிக்கு வந்து நிற்கும். 2001இல் வந்த ஆஃபிஸ் எக்ஸ்பி பதிப்பில் அதை இயல்பாக அணைத்து வைத்தார்கள், 2007இல் எடுத்தே விட்டார்கள். அதன் வாரிசுகள் இப்போது ‘பிறகு’ என்ற பொத்தானில் வாழ்கின்றன. ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியே இல்லாத திரைகளை இன்றைக்கும் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் இசட் ஷெல்லின் வழிகாட்டியில் ஒன்றை அடித்து உள்ளே போய், முதல் வேலையாக வரலாற்றை அமைத்தேன். இரண்டு நிமிடம் ஆனது. குறிப்புகளுக்கு இப்போது வேறு செயலி. அது எதுவும் கேட்காமல் வெற்றுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தது. ஒரு வரி எழுதுவதற்கு முன் அமைப்புகளுக்குள் போய், எங்கே சேமிக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

போன வாரம் அத்தைக்கு வேறொரு டேப்லெட் வந்தது. போன் செய்தார். இந்த முறை ஒரு திரையையும் படிக்காமல் விடவில்லையாம். “ஏழாவது பக்கம் வந்துட்டேன்டா. எழுத்து பெருசா வேணுமான்னு இன்னும் கேக்கவே இல்ல. எப்பக் கேக்கும்?”

அந்த டேப்லெட் அதைக் கடைசிவரை கேட்கவில்லை.