ஒன்பது மெயில் ஐடியை எங்கே மாற்றுவது? பழைய ஹோஸ்டிங், கூகிள், ஜோஹோ

திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் ஏற்றுமதி நிறுவனம். மெயில் ஐடி மொத்தம் ஒன்பது. வெப்சைட்டுக்கு இடம் வாங்கிய ஹோஸ்டிங்கிலேயே மெயிலும் சேர்ந்து வந்தது, பத்து வருடம் அதிலேயே ஓட்டினோம். போன வருடம் ஒரு ஷிப்மெண்டின் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் பையருக்குக் கிடைக்கவில்லை. "அனுப்பிட்டனுங்கண்ணா, அவங்க வரலைங்கறாங்க" என்று, பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசர் வந்து நின்றார். கடைசியில் அது அவர்களுடைய ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தது. சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்ட நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அந்த வாரமே வேறு இடம் தேட ஆரம்பித்தோம்.

முதலில் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்துவிடலாமா என்றுதான் பார்த்தோம், கூடுதல் செலவு இல்லையே. அங்கே ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் இருக்கும். எல்லோருடைய மெயிலும் ஒரே ஐபி முகவரியிலிருந்து போகும். அதில் யாரோ ஒருவர் ஸ்பேம் அனுப்பினால் ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியலில் அந்த ஐபி ஏறிவிடும், நாம் அனுப்பும் இன்வாய்ஸும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் அனுப்புகிறவர் யார் என்பதற்கு எஸ்பிஎஃப் (நம் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகேஐஎம் (மெயிலோடு போகும் டிஜிட்டல் கையெழுத்து) அத்தாட்சி கேட்கின்றன. அதைப் பழைய ஹோஸ்டிங்கிலும் சரிசெய்யலாம், செய்தும் பார்த்தோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் செய்வதற்கு நாம் என்ன செய்ய முடியும்? வெப்சைட் அங்கேயே இருக்கட்டும், மெயில் மட்டும் வெளியே போகட்டும் என்று முடிவு செய்தோம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் 365 பற்றி அதிகம் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை, சோதனைக் கணக்கில் ஒரு வாரம் பார்த்ததோடு சரி. நாங்கள் பார்த்தபோது பிசினஸ் பேசிக் திட்டத்தில் 50 ஜிபி பெட்டியும், ஃபைல் வைக்க ஒரு டிபி ஒன்டிரைவும் தந்தார்கள். எக்செல்லும் அவுட்லுக்குமே கதி என்று இருக்கும் அலுவலகத்துக்கு அது பொருந்தலாம்.

மீதி இருந்தது கூகிளும் ஜோஹோவும். ஸ்பேம் பிரச்சினையைப் பொறுத்தவரை எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஒழுங்காகப் போட்டுவிட்டால் இரண்டிலும் எங்களுக்கு ஒரே நிம்மதிதான். கூகிளுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர் வரை எல்லோருடைய போனிலும் ஜிமெயில் ஏற்கெனவே இருக்கிறது. தேடினால் பழைய மெயில் சட்டென்று வந்துவிடும். ஸ்டார்ட்டர் திட்டத்திலேயே ஆளுக்கு 30 ஜிபி. பையர்கள் கூகிள் ஷீட்டிலேயே ஆர்டர் நிலவரம் கேட்கிறார்கள் என்றால், நீங்கள் யோசிக்காமல் கூகிளுக்கே போகலாம்.

நாங்கள் ஜோஹோவுக்குப் போனோம். 2025 அக்டோபரில் அமித் ஷா தன் மெயிலை ஜோஹோவுக்கு மாற்றியதாக அறிவித்தபோது, அதைப் பார்த்துத்தான் மாறினீர்களா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி, சென்னையிலும் தென்காசிப் பக்கமும் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிற இடம் என்ற பிரியம் எனக்கு உண்டு. ஆனால் மாறியது அதற்காகவும் இல்லை. காரணம் வேறு: எங்கள் தொழிலில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மெர்ச்சன்டைசர் ஒருவர் எங்களிடம் இரண்டு வருடம் இருப்பார், பிறகு பக்கத்து ரோட்டில் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கிடைத்தால் போய்விடுவார். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் லேப் டிப் (துணிக்குச் சாயம் போட்டுக் காட்டும் சாம்பிள்) ஓகே ஆனது, பிரிண்ட் கலர் மாற்றச் சொன்னது, விலையில் ஐந்து சென்ட் குறைத்தது எல்லாம் அவருடைய மெயிலில்தான் இருக்கும். பழைய ஏற்பாட்டில் அவுட்லுக்கை பாப் முறையில் போட்டிருந்தோம். மெயில் அவருடைய கம்ப்யூட்டரில் இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும். ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அவருடைய லேப்டாப்பை ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து பையர் ஒரு டிஸ்கவுண்ட் கிளெய்ம் கொண்டுவந்தபோது, அந்த ஷேடை அவர்களே ஓகே செய்த மெயிலைக் காட்ட எங்களிடம் ஒரு வரி கூட இல்லை.

இதற்குப் பயந்து நிறைய சின்ன நிறுவனங்கள் ஒரே ஒரு 'இன்ஃபோ' ஐடி வைத்துக்கொண்டு, அதன் பாஸ்வேர்டை ஆறு பேருக்குக் கொடுத்து வைத்திருக்கின்றன. போனவருக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரியும். ஏற்றுமதியில் இது ஆபத்து. மெயிலுக்குள் நுழைந்துவிட்ட ஒருவன் இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பிப் பையரின் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது.

இதற்கு வழி, ஆளுக்கு ஒரு ஐடி, மெயில் எல்லாம் சர்வரில், பாஸ்வேர்டு மாற்றும் அதிகாரம் முதலாளியிடம். அப்புறம் முக்கியமான ஒன்று: ஒருவர் போன பிறகும் ஆறு மாதமாவது அவருடைய பெட்டியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இங்கேதான் தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு வருகிறது. கூகிளில் ஒருவரை நிறுத்தி வைத்தாலும் அவருக்குக் காசு ஓடிக்கொண்டே இருக்கும். ஜோஹோவிலும் அந்தப் பெட்டி காசு கட்டிய ஒரு ஐடியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கூகிளின் ஸ்டார்ட்டரில் ஒருவருக்கு ஆகிற செலவில் ஜோஹோவின் லைட் திட்டத்தில் இரண்டு பேருக்காவது ஐடி வாங்கிவிடலாம். ஆகவே போனவரின் பெட்டியை அப்படியே வைத்து, வருகிற மெயிலைப் புதியவருக்குத் திருப்பிவிட எங்களுக்குக் கை கூசவில்லை. விலை கூடுதலாக இருந்திருந்தால் முதல் மாதமே 'அதை எடுத்துடுங்க' என்று நானே சொல்லியிருப்பேன். அக்கவுண்ட்ஸ், இன்ஃபோ போன்ற பொது ஐடிக்குத் தனிப் பெட்டி வாங்காதீர்கள். இரண்டிலுமே குரூப்பாகவோ மாற்றுப்பெயராகவோ போட்டுக்கொள்ளலாம்.

ஜோஹோவில் ஐந்து பேர் வரை இலவசத் திட்டம் உண்டு. அதில் ஐமேப், பாப் (அவுட்லுக் போன்ற வெளி ஆப்பில் மெயிலைப் பார்க்கும் வழிகள்) கிடையாது, பிரவுசரிலும் அவர்களுடைய ஆப்பிலும்தான் பார்க்க வேண்டும். அவுட்லுக் வேண்டும் என்பவர்கள் காசு கட்டும் திட்டத்துக்குத்தான் போயாக வேண்டும்.

எங்கள் தேர்வில் குறை இடம்தான். லைட்டில் 5 அல்லது 10 ஜிபி. ஆர்ட்வொர்க் ஃபைலும் சாம்பிள் போட்டோவுமாக ஒரு மெர்ச்சன்டைசர் அதை நிரப்ப நாளாகாது. அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் எங்கள் பழைய பிஎஸ்டி ஃபைல் ஒன்றே 14 ஜிபி இருந்தது. கடைசி மூன்று வருட மெயிலை மட்டும் ஏற்றிவிட்டு, மீதியை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் காப்பி போட்டு, ஒன்றை அலுவலகத்திலும் ஒன்றை வீட்டிலும் வைத்தோம். பழைய மெயில் முழுவதும் தினசரி கைக்கு வேண்டும் என்றால் கூகிள் பக்கம் சாய்வதே நல்லது.

மாற்றும் வேலை நினைத்த அளவு பெரிதில்லை. டொமைன் (எங்கள் வெப்சைட், மெயில் முகவரியின் பெயர்) லாகின் வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் இருந்தது, அதை எங்கள் பெயருக்கு வாங்கத்தான் இரண்டு வாரம் ஆனது. எந்தக் கம்பெனிக்குப் போவதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை, மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் பழைய விவரத்தை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்தோம், சனிக்கிழமை இரவு எம்எக்ஸை மாற்றினோம். திங்கள் காலை வந்தவர்களுக்குப் புதுப் பாஸ்வேர்டு கொடுத்தோம். ஒரு இடத்தில் மட்டும் சறுக்கல்: எஸ்பிஎஃப்புக்குப் பழைய வரியை எடுக்காமல் புதியதையும் சேர்த்துவிட்டேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. வெப்சைட் என்கொயரி ஃபார்ம் இன்னும் பழைய சர்வரிலிருந்துதான் மெயில் அனுப்புகிறது என்பதால், இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிய பிறகு சரியானது.

பழைய பெட்டிகளை இரண்டு மாதம் வைத்திருந்து, தினம் ஒரு முறை திறந்து பார்த்தோம். கடைசியாக அதில் வந்த மெயில் ஒரு பட்டன் சப்ளையருடையது, மாற்றிய நான்காம் நாள்.