தருமபுரியில் தைராய்டு பரிசோதனை: இரண்டு லேப்களில் கொடுத்த ரத்தம்

ஒன்பது ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 75 மைக்ரோகிராம் போட்டுக்கொண்டு வருகிறேன். எங்கள் வீட்டில் என்னைத் தவிர மாமியாருக்கும் மகளுக்கும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவைப்படுவதால், கடந்த ஓராண்டில் தருமபுரியில் இரண்டு லேப்களுக்கு மாறி மாறிச் செல்ல நேர்ந்தது. முதலாவது, பெருநகரத்தில் ஆய்வகத்தை வைத்துக்கொண்டு, நம் ஊரில் ரத்தம் எடுக்க மட்டும் ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம். இரண்டாவது, நான்கு ரோட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு மாடியில் இயங்கும் சிறிய லேப். இரண்டின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்ல வரும் குறை ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடுவதல்ல.

பெரிய நிறுவனத்தில் நான் வாங்கியது 1,499 ரூபாய்க்கு 72 பரிசோதனைகள் என்று விளம்பரப்படுத்தப்பட்ட தொகுப்பு. காலை ஆறரை மணிக்கே வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றார், ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார், மறுநாள் மதியம் ரிப்போர்ட் கைப்பேசிக்கு வந்துவிட்டது. இந்த மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 72 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. வி.எல்.டி.எல். கொழுப்பு என்று தனியாக ஒரு வரி இருந்தது. அது ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவை ஐந்தால் வகுத்துப் போடும் எண். கெட்ட கொழுப்புக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதம் ஒரு பரிசோதனை, அதையே தலைகீழாக வகுத்தால் இன்னொரு பரிசோதனை. குளோபுலின் என்பதும் மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்து வருவதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குகளுக்கும் சேர்த்தே எண்ணிக்கை காட்டியிருக்கிறார்கள்.

எண்ணிக்கை கூடுவதால் வேறொரு தொல்லையும் உண்டு. பெரும்பாலான பரிசோதனைகளில் இயல்பான அளவு என்று அச்சிடப்படுவது, நலமாக இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வரும் அளவு. அதாவது ஒவ்வொரு பரிசோதனையிலும் நலமாக உள்ளவர்களில் இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே விழுவார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒருவருக்குச் செய்தால், அவருக்கு எந்த நோயும் இல்லாவிட்டாலும் ஏதேனும் ஒன்றாவது எல்லையைத் தாண்டி வருவதற்கான வாய்ப்பு சுமார் 64 விழுக்காடு. அதைச் சிவப்பில் தடித்த எழுத்தில் அச்சிட்டு, கீழே மருத்துவ ஆலோசனைக்குத் தொலைபேசி எண்ணும் கொடுத்தால், நலமாக இருப்பவருக்கும் அன்றிரவு தூக்கம் வராது.

எனக்கு வந்த சிவப்பு எழுத்து டி.எஸ்.எச். வரியில் இருந்தது. தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அது குறையும். ஆண்டுக்கணக்கில் 2.5க்கும் 3.5க்கும் இடையிலேயே இருந்து வந்த அளவு 0.06 ஆகச் சரிந்திருந்தது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. காகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது அல்லது மாத்திரை அளவுக்கு மீறிப் போகிறது என்றே சொல்வார்கள். எங்கள் மருத்துவரோ முதலில் என் மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ணினார், நிமிடத்துக்கு 70. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். மிகைச் சுரப்பு இருந்தால் விரல்களின் மெல்லிய நடுக்கம் தாளில் தெரியும். தாள் அசையவே இல்லை. எடையும் குறையவில்லை. மாத்திரையின் அளவில் கை வைக்காமல், வேறு லேபில் மறுபடியும் பார்த்து வரச் சொன்னார். நான் அந்த மாடிப்படி ஏறிய கதை இதுதான்.

அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெண், பில் போடுவதற்கு முன்பே என்னிடம் வரிசையாகக் கேட்டாள். தைராய்டு மாத்திரை இன்று போட்டாயிற்றா, கடைசியாக எப்போது போட்டீர்கள், கர்ப்பமா, சமீபத்தில் காய்ச்சலோ மருத்துவமனை வாசமோ உண்டா, முடிக்கோ நகத்துக்கோ சத்து மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்கு நான் ஆம் என்றேன். முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பயோட்டின் என்ற பி வைட்டமின் 10 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். "அப்போ இன்னைக்கு எடுக்க வேணாம்க்கா. அந்த மாத்திரைய நிறுத்திட்டு மூணு நாள் கழிச்சு வாங்க" என்று சொல்லி, நான் நீட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடையை நான் இதற்கு முன் எங்கள் ஊரில் பார்த்ததில்லை.

பயோட்டின் நம் உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் இருந்தால் போதும். 10 மில்லிகிராம் என்பது அதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். உடம்புக்கு அதனால் பெரிய கேடு இல்லை, கேடு இயந்திரத்துக்குத்தான். டி.எஸ்.எச். அளவிடும் பல முறைகளில், ரத்தத்திலுள்ள டி.எஸ்.எச். மூலக்கூறை இருபுறமும் இரண்டு எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) பிடித்துக்கொள்ளும். அவற்றில் ஒன்றில் ஒளி வீசும் வேதிப்பொருள் இருக்கும். மற்றொன்றில் பயோட்டின் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பயோட்டின், அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு கழுவிவிட்டு, மணிகளில் மிஞ்சியிருக்கும் ஒளியை இயந்திரம் அளக்கும். நம் ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால், பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் போல அது மணிகளிலுள்ள இடங்களை எல்லாம் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. டி.எஸ்.எச்.சைப் பிடித்து வந்த எதிர்ப்பொருளுக்கு உட்கார இடமில்லை. கழுவும்போது அடித்துச் செல்லப்படுகிறது. ஒளி குறைகிறது, டி.எஸ்.எச். குறைவு என்று இயந்திரம் அச்சிடுகிறது.

டி4 அளவிடும் முறையின் போக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். ஆகவே ஒரே பயோட்டின் ஒன்றைக் குறைத்தும் மற்றொன்றைக் கூட்டியும் காட்டி, மிகைச் சுரப்பு நோயின் படத்தை அப்படியே வரைந்துவிடுகிறது. எல்லா இயந்திரங்களிலும் இப்படி நேர்வதில்லை. சில தயாரிப்பாளர்கள் இந்தப் பிணைப்பைப் பயன்படுத்துவதே இல்லை. சிலர் பின்னாளில் வேதிப்பொருள்களைத் திருத்தியமைத்தார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு தவறாகக் குறைவாக வந்து, அவர் இறந்துபோன செய்தியும் அதில் இருந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் எதிர்ப்பொருளைக் கொண்டு ஹார்மோனை அளக்கும் வழியைக் கண்டார்கள். அதற்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். அதன் வழிவந்த இன்றைய மூன்றாம் தலைமுறைக் கருவிகள் டி.எஸ்.எச்.சை 0.02 வரை பிரித்துக் காட்டுகின்றன. அவ்வளவு நுட்பமான கருவியும், முடிக்கு மாத்திரை போட்டீர்களா என்று யாரும் கேட்காவிட்டால் ஏமாந்துபோகிறது.

மூன்று நாள் கழித்து, காலை ஏழே முக்காலுக்கு ரத்தம் கொடுத்தேன். அன்றைய தைராக்சினை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போட்ட சில மணி நேரத்துக்கு டி4 சற்று ஏறி நிற்கும். டி.எஸ்.எச். 3.1, எஃப்.டி.4 (புரதத்தோடு ஒட்டாத டி4) இயல்பு. மாத்திரையின் அளவு மாறவில்லை. அடுத்த முறையும் இதே நேரத்துக்கு வரும்படி சொன்னார்கள். டி.எஸ்.எச். நள்ளிரவு தாண்டி உச்சத்துக்குப் போய், மதியத்தில் இறங்கிவிடும் என்பதால் காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் ஒப்பிட்டுக் குழம்பக் கூடாது.

பெரிய நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் லேப்களுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருக்கிறது, சிறிய லேபுக்கு அது இல்லை. அந்த முத்திரைக்கு அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலை, ரத்தம் எடுப்பதற்கு முந்தைய கட்டத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்த ஆளின் கைக்கு அது வந்து சேரவில்லை. அவர் என்னிடம் கேட்டது பெயரும் வயதும் மட்டுமே. சிறிய லேப், வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அளவு சொல்லாமல் அனுப்பப்படும் மாதிரியை இவர்கள் பரிசோதித்து முடிவை அனுப்பினால், மற்ற லேப்களின் முடிவுகளோடு ஒப்பிட்டு எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். காலாவதி ஆகவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

ரத்தம் வெளியூருக்குப் பயணம் போவது குறித்துப் பலருக்கும் பயம் உண்டு. ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தால் டி.எஸ்.எச். சில நாட்கள் கெடாமல் இருக்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. சர்க்கரையின் நிலை வேறு. குழாய்க்குள் வந்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால், சும்மா விட்டால் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறைந்துபோகும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் சோடியம் ஃபுளோரைடு வைத்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் ஃபுளோரைடு என்றால் பல்லில் பழுப்புக் கறையும் முட்டி வலியும்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காக. அதே ஃபுளோரைடு ஒரு வேலைக்கு உதவுவதை இந்தக் குழாயில்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தவரின் பெட்டியில் அன்று சாம்பல் மூடி தீர்ந்துவிட்டிருந்தது. மஞ்சள் மூடிக் குழாயிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 68 என்று வந்ததை நான் பெரிதாக நம்பவில்லை. சிறிய லேபில் அது 91.

என் மகளுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்.பி.ஏ1சி 6.0 என்று வந்தபோது, அந்த லேபின் நோயியல் மருத்துவர் ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்: ஹீமோகுளோபின் 8.9, இரும்புச்சத்துக் குறைவைச் சரிசெய்த பிறகு மறுபடியும் பார்க்கவும். இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிக நாள் ரத்தத்தில் சுற்றி, அவற்றில் ஒட்டும் சர்க்கரையும் கூடி, எச்.பி.ஏ1சியைச் சற்றுக் கூட்டிக் காட்டும். அவளுடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை 88தான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், இருபத்திரண்டு வயதுப் பெண்ணைச் சர்க்கரைக்கு முந்தைய நிலை என்று முத்திரை குத்தி வீட்டில் சோற்றை நிறுத்தியிருப்போம்.

சிறிய லேபில் குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கும். தைராய்டு எதிர்ப்பொருள் பரிசோதனையை அவர்களே செய்வதில்லை, வெளியூருக்கு அனுப்புகிறார்கள். இரண்டு நாள் என்றது ஐந்து நாள் ஆனது, கேட்டால் மட்டுமே சொன்னார்கள். கையால் எழுதும் குறிப்புகளின் எழுத்து ஒரு தனிப் பயிற்சி. டி3, டி4, டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனைகள் மூன்றுக்கும் 550 ரூபாய் வாங்குகிறார்கள். தொகுப்போடு ஒப்பிட்டால் விலை கூடுதல்தான். பழைய டி3, டி4 மொத்த அளவுக்குப் பதிலாக, புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் அளவைப் பார்க்கிறார்கள் என்பதால் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பெரிய குறை மாடிப்படி. பதினெட்டுப் படிகள், செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். எழுபத்தொரு வயதான என் மாமியாரின் முட்டிகள் அதற்கு ஒத்துழைக்காது. தொகுப்பில் அவருக்கு டி.எஸ்.எச். 5.9 என்று சிவப்பில் வந்து, உடனே மாத்திரை தொடங்க வேண்டும் என்று அந்த நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து வற்புறுத்தியிருந்தார்கள். வயது ஏற ஏற இந்த அளவு கொஞ்சம் கூடுவது இயல்பு என்றும், முதியவர்களில் இந்த லேசான உயர்வுக்குத் தைராக்சின் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் களைப்போ மற்ற தொல்லைகளோ குறையவில்லை என்றும் சொல்லி, எங்கள் மருத்துவர் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்றார். அந்த மறுபரிசோதனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். கீழிருந்து போன் செய்ததும், அந்தப் பெண் தட்டில் குழாய்களையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, ஆட்டோவின் இருக்கையிலேயே பட்டை கட்டி, "ஆயா, கைய மடக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ரத்தம் எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால், சத்து மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா என்று அவரிடமும் கேட்டாள்.