விண்டோஸ் 11-இல் யூடோரா: மூன்று வருட அனுபவம்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் போன் செய்தார். வெள்ளையடிப்பதற்காக அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடைத்ததாம். அதில் யூடோரா என்ற பழைய மெயில் புரோகிராமின் ஃபோல்டர், அவருடைய மெயில்களோடு அப்படியே இருக்கிறதாம். "நீங்க இன்னும் அதைத்தானே வச்சிருக்கீங்க? விண்டோஸ் 11-ல ஓடுமா சார்?" என்று கேட்டார். ஓடும். மூன்று வருடமாக எனக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

யூடோராவின் கடைசி விண்டோஸ் பதிப்பு 7.1.0.9. 2006-இல் வந்தது. 32 பிட் புரோகிராம் என்பதால் விண்டோஸ் 11 அதை எந்த மறுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. நிறுவும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மெயில்கள் இருக்கும் ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கக் கூடாது. விஸ்டா காலத்திலிருந்தே அந்த இடத்தில் பழைய புரோகிராம்கள் எழுத முயன்றால், விண்டோஸ் அந்த எழுத்தை வர்ச்சுவல் ஸ்டோர் என்ற வேறொரு மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். விண்டோஸ் 7 இருந்த பழைய கணினியில் இது தெரியாமல் பேக்கப் எடுத்து ஐந்து மாத மெயில்களை இழந்தேன். யூடோராவைத் திறந்தால் புது மெயில்கள் தெரிந்தன. நான் பென் டிரைவில் எடுத்து வைத்ததோ பழைய ஃபைல்கள். இப்போது மெயில் ஃபோல்டர் டி டிரைவில் தனியாக இருக்கிறது. ஷார்ட்கட்டில் அந்த ஃபோல்டரின் பாதையையும் சேர்த்துவிட்டேன்.

அடுத்தது மெயில் சர்வர். இங்கேதான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். யூடோராவுக்குள் இருக்கும் பாதுகாப்பு இணைப்பு முறை 2006-ஆம் ஆண்டுக்குரியது. இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையின் புதிய பதிப்புகள் அதற்குத் தெரியாது. ஸ்டனல் என்ற இலவசச் சின்ன புரோகிராம் நடுவில் நின்று இதைச் சரிசெய்கிறது. யூடோராவில் சர்வர் முகவரியாக 127.0.0.1 என்று கொடுத்து, செக்யூர் சாக்கெட்ஸ் இருக்கும் இடங்களில் 'நெவர்' என்று வைத்துவிட வேண்டும். யூடோரா நம் கணினிக்குள்ளேயே ஸ்டனலிடம் பேசும். ஸ்டனல் அதை மறையாக்கம் செய்து, வாங்க 995, அனுப்ப 465 போர்ட்டுகள் வழியாக வெளியே கொண்டுபோகும். ஜிமெயில் என்றால் இன்னொரு படி உண்டு. 2022 மே 30-க்குப் பிறகு தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து இப்படிப்பட்ட பழைய புரோகிராம்கள் நுழைய முடியாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கிப் போட வேண்டும். எனக்கு எல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட நின்றதில்லை.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்றால், வேகத்துக்காக. இன்பாக்ஸில் ஒரு பெயர் மேல் ஆல்ட் விசையோடு கிளிக் செய்தால் அந்த ஆளின் மெயில்கள் எல்லாம் எங்கெங்கோ இருந்து வந்து ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். தலைப்பின் மேல் செய்தால் அந்தத் தலைப்பில் நடந்த பேச்சு முழுவதும். தேடல் பெட்டியைத் திறக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். நான் பார்த்த எந்தப் புது மெயில் புரோகிராமிலும் இவ்வளவு எளிதாக இது வரவில்லை. மெயில் பெட்டிகளும் சாதாரண எழுத்து ஃபைல்கள்தான், நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். இருபது வருடம் கழித்து நண்பரின் ஹார்ட் டிஸ்கிலிருந்து அப்படியே எடுக்க முடிவது அதனால்தான். 1988-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதை எழுதத் தொடங்கிய ஸ்டீவ் டோர்னர் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

அப்புறம் தமிழ்.

என் அண்ணன் 1999 முதல் 2003 வரை கோலாலம்பூரில் இருந்தார். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டி, தமிழிலேயே கடிதம் அனுப்புவார். எல்லாம் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடு. யூடோராவின் எழுத்துரு அமைப்பில் இணைமதி என்று வைத்துவிட்டால் இன்றும் ஒவ்வொரு வரியும் அட்சரம் பிசகாமல் தெரிகிறது. அதே கடிதங்களைப் புது புரோகிராமில் திறந்தால் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்களின் குப்பைதான். அண்ணன் 2011-இல் தவறிவிட்டார். அவர் கைப்பட எழுதிய கடிதம் என்று என்னிடம் எதுவும் இல்லை. இருப்பவை இந்த 212 மெயில்கள்தான்.

இதே யூடோராவில் என் மகள் இன்று எழுதும் தமிழ் தெரியாது. இன்று எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு யூடோராவுக்குக் கிடையாது. யூனிகோடை மெயிலில் அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். யூடோரா மூன்றையும் மூன்று தனி எழுத்துகளாகக் காட்டுகிறது. "அப்பா" என்று அவள் தொடங்கும் இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், ஏதோ ஒரு குறி. மறுபடி அதே ஏ, அதே ஆர். பக்கம் முழுக்க இப்படியே. நான் தமிழில் பதில் தட்டினால் கேள்விக்குறிகளாக விழுகிறது. அதனால் அவள் கடிதத்தைப் போனில் படித்துவிட்டு, பதிலை யூடோராவில் ஆங்கிலத்தில் எழுதிவந்தேன். போன மாதம் வந்தபோது கேட்டாள்: "ஏம்ப்பா, நான் தமிழ்ல எழுதினா நீங்க இங்கிலீஷ்லயே பதில் போடறீங்க?"

2018-இல் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் யூடோராவின் மூல நிரலை வெளியிட்டபோது, யாராவது யூனிகோடைச் சேர்த்துவிடுவார்கள் என்று மனதார நம்பினேன். ஒரு எழுத்து என்றால் ஒரு பைட் என்று எண்ணி எழுதப்பட்ட புரோகிராமில் அது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போது புரிகிறது. புரிந்தாலும், மகள் கேட்ட நாளிலிருந்து அந்த ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

நண்பருக்கு என் பதில்: யூடோராவை நிறுவுங்கள், பழைய ஃபோல்டரைத் திறந்து ஆசை தீரப் படியுங்கள். ஆனால் உங்கள் இன்றைய கணக்கை அதில் இணைக்க வேண்டாம். ஸ்டனலும் வேண்டாம். அன்றாட மெயிலுக்கு தண்டர்பேர்டு என்ற இன்றைய மெயில் புரோகிராமை வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இருக்கும், ஆல்ட் கிளிக் இருக்காது, ஆனால் தமிழ் தமிழாகத் தெரியும்.

நானும் என் கணக்கை மாற்றிவிட்டேன். மகளுக்கு முதல் தமிழ்ப் பதில் திங்கட்கிழமை போனது. அண்ணன் கடிதங்களைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன். இதுவரை 31 முடிந்திருக்கின்றன. மாற்றியது சரிதானா என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், திரையின் இடது பாதியில் யூடோரா இப்போதும் திறந்தே இருக்கிறது.