சுகர் உள்ளவருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு: எந்தத் தடுப்பு யாருக்குப் பொருந்தும்?

ஐந்து நாள் மாத்திரையில் எரிச்சல் அடங்கும். ஒன்றிரண்டு மாதம் போனதும் மறுபடி அதே எரிச்சல், அதே அவசரம், ராத்திரி தூக்கமே இல்லாமல் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடை. சர்க்கரை உள்ள பெண்கள் பலருக்கு இது பழகிப்போன சுற்று. ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ வருடத்தில் மூன்று தடவையோ சிறுநீர்த் தொற்று வந்தால், அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். அந்த நிலைக்கு வந்தபின் வந்ததை அடக்கினால் மட்டும் போதாது, வராமல் தடுக்கவும் வழி பார்க்க வேண்டும்.

அங்கேதான் ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்து வீட்டில் பார்லி கஞ்சி என்பார்கள், வெளிநாட்டில் இருக்கும் மகன் கிரான்பெர்ரி மாத்திரை அனுப்புவான், ஒரு டாக்டர் தினமும் இரவில் ஆன்டிபயாட்டிக் என்பார், இன்னொருவர் க்ரீம் எழுதித் தருவார். என் அம்மாவுக்காக இவை ஒவ்வொன்றையும் கேட்டும் படித்தும் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டது. இவற்றில் எது உசத்தி என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. தொற்று உள்ளே வர இந்த உடம்பில் எது வழிவிடுகிறது என்று பார்த்த பிறகுதான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாத்திரைக்கு முன்னால் ஸ்கேன்

சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதம் மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். அதேபோல மூத்திரப்பைக்குப் போகும் நரம்பும் மந்தமாகும். பை நிறைந்தது சரியாக உறைக்காது. போனாலும் முழுக்கக் காலியாகாது. தேங்கி நிற்கும் நீரில் கிருமி பெருகும். இந்த நிலையில் எந்தத் தடுப்பு மருந்து கொடுத்தாலும் அரைகுறைப் பலன்தான்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்கேன் சென்டரில் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முட்டிக்கொண்டு வரும்வரை பெஞ்சில் உட்கார வைப்பார்கள். ஜில்லென்ற ஜெல்லை அடிவயிற்றில் தடவி ஒரு தடவை பார்ப்பார்கள். பிறகு, “போயிட்டு வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டு, வந்ததும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். நமக்கு முக்கியமானது அந்த இரண்டாவது பார்வைதான். கூட்டம் அதிகமான இடத்தில் அது விட்டுப்போகலாம், கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டில் ‘போஸ்ட் வாய்ட் ரெசிட்யூ’ என்ற வரியில் மிச்சம் எத்தனை மில்லி என்று இருக்கும். அம்மாவுக்கு 140 மில்லி இருந்தது. ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்தாலும் மிச்சம் கூடுதலாகக் காட்டும் என்பதால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்தார்கள்.

அதற்குச் சொன்ன வைத்தியத்துக்குக் காசு செலவே இல்லை. உணர்வு வருகிறதோ இல்லையோ மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். போய் முடித்ததும் சில நிமிடம் இருந்துவிட்டு மறுபடி முயற்சி செய்ய வேண்டும். மிச்சம் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு அவ்வப்போது மெல்லிய குழாய் போட்டு எடுத்துவிடக் கற்றுக்கொடுப்பார்கள். ஆண்களுக்கு என்றால் ப்ராஸ்டேட் வீக்கம்தான் முதல் சந்தேகம். இனி இங்கே சொல்லப்போகும் எதையும் எடுக்குமுன் அவர்கள் சிறுநீர்ப் பாதை நிபுணரான யூராலஜிஸ்டைப் பார்ப்பதே சரி.

சுகர் மாத்திரையும் கணக்கில் உண்டு

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்து விலை குறைந்தபின் இவற்றை எடுப்பவர்கள் மிக அதிகம். இவற்றால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடுவது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆனால் பாக்டீரியாவால் வரும் நீர்க்கடுப்பை இவை பெரிதாகக் கூட்டவில்லை என்றே பெரிய ஆய்வுகள் காட்டின. அதே நேரம், சிலருக்குத் தொற்று சிறுநீரகத்துக்கும் ரத்தத்துக்கும் ஏறியது தெரிந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 டிசம்பரில் எச்சரிக்கையும் விடுத்தது.

வெளிப்புறம் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை நீர்க்கடுப்பு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டால் பூஞ்சை இன்னும் கூடும். இந்த மாத்திரை எடுப்பவருக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சுகர் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது, இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பதற்காகவே சிலருக்கு இதை எழுதியிருப்பார்கள்.

தண்ணீர், பார்லி, கிரான்பெர்ரி, மேனோஸ்

இந்த நாலில் என் வோட்டு தண்ணீருக்கு. பல்கேரியாவில் 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. தண்ணீர் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வந்த, மாதவிடாய் நிற்காத பெண்கள் அவர்கள். தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரி 1.7 தடவை தொற்று வந்தது; குடிக்காதவர்களுக்கு 3.2 தடவை. நம் ஊரில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலிருப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணும், பள்ளிக்கூட டீச்சரும், தொலைதூர பஸ்ஸில் போகிறவரும் போக இடமில்லையே என்றுதான் வாயைக் கட்டுகிறார்கள். சுத்தமான கழிப்பறையும் போய்வர அனுமதியும் இல்லாத இடத்தில் “நிறையத் தண்ணீர் குடிங்க” என்று சொல்வது அவர்களுக்கு உதவாது. வேலை கொடுப்பவர்கள் இதை மருத்துவப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களும், டாக்டர் தண்ணீர் அளவு கட்டிக் கொடுத்திருக்கும் சிறுநீரக நோயாளிகளும் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

பார்லித் தண்ணீர், சீரகத் தண்ணீர், மோர் எல்லாமே அந்தத் தண்ணீர்க் கணக்கில் சேரும். பார்லியில் சர்க்கரை போட வேண்டாம், உப்பும் மோரும் போதும். இளநீரில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் பலவீனமாகி ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

கிரான்பெர்ரி வெறும் ஏமாற்று இல்லை. 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அலசல், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு வாய்ப்பை ஏறக்குறைய கால்பங்கு குறைக்கிறது என்றது. ஆனால் மூத்திரப்பை முழுக்கக் காலியாகாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்பதும் அதே அலசலில்தான் இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களில் எத்தனையோ பேர் அந்தப் பட்டியலில் வருபவர்கள். ஜூஸாகக் கிடைப்பதில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆகாது. அனுப்பிய மகனின் மனசு நோகாமல் ஓரமாக வைக்கலாம்.

டி-மேனோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொடி பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பிரிட்டனில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2024-ல் வெளியிட்டார்கள். மேனோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மீண்டும் தொற்றோடு வந்தார்கள், ஒப்பிடுவதற்காக மேனோஸ் இல்லாத பொடி எடுத்தவர்களில் 55.7 சதவீதம். அது கணக்கில் கொள்ளும் அளவு வித்தியாசமே இல்லை.

க்ரீமா, இரவு மாத்திரையா

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் இடையில்தான்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்து, பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து உலரும். அங்கே காவலாக இருந்த லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா போய், குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமி குடியேறும். ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இந்த நிலையையே திருப்புகிறது. இஸ்ரேலில் 93 பெண்களிடம் நடந்து 1993-ல் வெளிவந்த ஆய்வில், க்ரீம் போட்டவர்களுக்கு வருடத்துக்கு 0.5 தடவையும் மருந்தில்லாத வெற்று க்ரீம் போட்டவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது. முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு நாள். இதுதான் அங்கே பின்பற்றிய முறை. ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, சுகர் மாத்திரைகளோடு மோதலும் இல்லை. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இவ்வளவு நல்ல வழி நம் அம்மாக்களுக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் கூச்சம். ஆண் டாக்டரிடம் வறட்சி பற்றிச் சொல்ல மாட்டார்கள், மகனிடம் அந்தச் சீட்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். “இந்த வயசில எனக்கு எதுக்குடி இதெல்லாம்?” என்று என் அம்மாவும் கேட்டாள். மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போய், அவர் தனியாக உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

இரவு ஆன்டிபயாட்டிக் வேகமாகப் பலன் தரும், எடுக்கும்வரை தடுக்கும். நிறுத்தினால் பழையபடி வரக்கூடும், கிருமி மருந்துக்குப் பழகியும் போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் தனி வில்லங்கங்கள் உண்டு. நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாட்டிக் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஏற்றதில்லை. நீண்ட நாள் எடுத்தால் நரம்பைப் பாதிக்கலாம். கால் மரத்துப்போனால் சர்க்கரையால்தான் என்று நினைத்து விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். சல்ஃபா கலந்த கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோடு சேர்த்தால் சுகர் தடாலென இறங்கலாம், டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையோடு சேர்த்தால் பொட்டாசியம் ஏறலாம். நம் ஊரில் கிளிமிபிரைடு, டெல்மிசார்டான் இரண்டையும் விழுங்கும் சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சுகரை ஏற்றவும் இறக்கவும் செய்யும். ஆகவே மருந்துச் சீட்டு முழுவதையும் காட்டாமல் எந்த ஆன்டிபயாட்டிக்கையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

இவற்றுக்கு நடுவே மெத்தினமைன் ஹிப்யூரேட் என்று ஒன்று. இது வழக்கமான ஆன்டிபயாட்டிக் இல்லை. புளிப்பான சிறுநீரில் ஃபார்மால்டிஹைடாக மாறிக் கிருமியைக் கொல்கிறது, மருந்தை எதிர்க்கும் சக்தி கிருமிக்கு வளர்வதில்லை. 2022-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் 240 பெண்கள். தினசரி ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு வருடத்துக்கு 0.89 தடவை, இதை எடுத்தவர்களுக்கு 1.38 தடவை. இடைவெளி சிறியது, ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்க்க நான் அதை ஏற்பேன். ஆனால் எரிச்சலுக்கு என்று கொடுக்கும் சிட்ரேட் சிரப் சிறுநீரின் புளிப்பை மாற்றிவிடும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் மாத்திரை வேலை செய்யாது. சல்ஃபாவோடும், மோசமான சிறுநீரகத்தோடும் இது கூடாது.

அம்மாவுக்கு முடிவானது நேரம் வைத்துப் போவதும் க்ரீமும். அதற்குப் பிறகும் வந்தால் மெத்தினமைன், இரவு ஆன்டிபயாட்டிக் கடைசி. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குத் தண்ணீர் முதலில். தாம்பத்தியத்துக்குப் பிறகு மட்டும் தொற்று வருகிறது என்றால் தினசரி மாத்திரைக்குப் பதிலாக அன்று மட்டும் ஒரு மாத்திரை போதுமா என்று கேட்கலாம்.

ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் வேண்டாம்

எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், வழக்கமான பரிசோதனையில் சீழ் செல்லும் கிருமியும் தெரிந்ததற்காக ஆன்டிபயாட்டிக் எழுதுவது நடக்கிறது. சர்க்கரை உள்ள பெண்களிடமே இதைச் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். மருந்து கொடுத்ததால் பிற்காலத் தொந்தரவு குறையவில்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் மட்டும் கதை வேறு. தொந்தரவு இருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) கொடுங்கள். முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அந்தத் தாள்களைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வைத்திருந்தால், அதே கிருமியா புதிதா, எந்த மருந்து இன்னும் கேட்கிறது என்று அடுத்த டாக்டருக்கு ஒரே பார்வையில் தெரியும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி வந்தால் மேலே சொன்ன எந்த ஒப்பீட்டுக்கும் நேரமில்லை, அன்றே ஆஸ்பத்திரி. சிறுநீரகத்துக்குள் வாயு கட்டும் கடுமையான தொற்று பெரும்பாலும் சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் வருகிறது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். திடீரென சுகர் எகிறுவதும் பேச்சில் தடுமாற்றமும் சோர்ந்து படுப்பதும் மட்டுமே அடையாளமாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.